முன்னால் போன கப்பல்

"பின்னுக்கு வந்த கப்பல் வெடிச்சது முன்னுக்குப் போன இவைக்குத் தெரியாதோ?" என்று யோகமலர் கேட்டாள்.

"சத்தம் கேட்டிருக்கும்," என்றார் அவள் கணவர் பாலேந்திரா.

"அப்ப ஏன் திரும்பேல்லை?"

"திரும்பினா துப்பரவாக்கின பாதையை விட்டு விலகவேணும், யோகம். மிச்சக் கப்பலுகளும் போயிடும்."

"எனக்குச் சொல்லாத கதையெல்லாம் உந்தக் கப்பலுக்குச் சொல்லுறியள்."

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த மாதிரிக் கப்பலுக்குப் பசை தடவினார். உலகப் போரில் தேம்ஸ் நதி கடலில் சேருமிடத்தில் கண்ணிவெடிகளை அகற்றியபடி, மற்றக் கப்பல்களுக்கு முன்னால் போன கப்பல் அது. அதன் முகப்பில் ஒரு சுத்தியல் இருந்ததாம். சத்தத்துக்கு வெடிக்கும் கண்ணிகளைத் தூரத்திலேயே வெடிக்கவைக்க, நீருக்கடியில் தட்டிக்கொண்டே போகுமாம். அவர் மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். டொக். டொக். டொக்.

யோகமலர் அதற்குமேல் கேட்கவில்லை. வன்னியில், மிதிவெடி விதைத்த வயலில், அவர்தான் முன்னால் நடந்தார். அவருடைய காலடிகளில் அவள் கால் வைத்தாள். அவளுடைய சட்டையின் பின்நுனியைப் பிடித்தபடி ஐந்து வயது மகன் சஞ்சயன் வந்தான். அந்தப் பிடி எப்போது விட்டதென்று அவளுக்குத் தெரியாது. பின்னால் வெடித்தது. "நட," என்றார். அவர் திரும்பவில்லை. அவளையும் திரும்பவிடவில்லை.

இப்போது அவரும் இல்லை. சாம்பலைத் தேம்ஸ் சேரும் சவுத்எண்ட் கடலில் கரைத்து, அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, வந்த சனமெல்லாம் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷன் பக்கம் கலைந்துபோன மறுநாள், பின்னேரமே இருட்டிவிடும் அந்த டிசம்பர் மழைக்குள், ஹீற்றரின் குழாய்க்குள்ளிருந்து ஏதோ தட்டுவது போல ஒரு சத்தம் அவளுக்குக் கேட்டது. குழாய் குளிர்ந்து கிடந்தது. ஹீற்றரை அவள் போடவேயில்லை.

டொக். டொக். டொக்.

வீட்டு முன்ஹோலுக்குள் உப்பும் டீசலும் கலந்த வாடை அடித்தது. வாசற்கதவு பூட்டியபடியே இருந்தது. ஆனால் கதவடியிலிருந்து கார்ப்பெட்டில் ஈரக் காலடிகள் படிக்கட்டை நோக்கிப் போயிருந்தன. வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் காலடிகள். முப்பது வருசமாக அவள் பின்தொடர்ந்து நடந்த கால்கள்.

லைற்றைப் போட அவள் கை நீட்டவில்லை. முதல் காலடியில் தன் காலை வைத்தாள். பொருந்தியது. அடுத்ததிலும் வைத்தாள். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் விரல்களுக்கிடையில் பிதுங்கியது. தட்டல் இப்போது சுவருக்குள்ளே கேட்டது. பிறகு மேலே. பிறகு மிகக் கிட்ட.

மேலே, அவர்கள் ஒருபோதும் ஒன்றும் போட்டு வைக்காத சின்ன அறையின் வாசலில், அவர் நின்றார்.

முதுகு மட்டும் தெரிந்தது. நனைந்த ஷேர்ட். விரல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

டொக். டொக்.

நின்றது.

அவளுடைய சட்டையின் பின்நுனி இழுபட்டது.

மெதுவாக. கீழ்ப்பக்கமாக. ஒரு சின்னக் கையின் பாரம்.

அந்தக் கையிலும் ஈரம். ஆனால் கடல்போலக் குளிரவில்லை. சுட்டது. காலில் சொட்டியது.

அவள் திரும்பவில்லை. திரும்ப ஏலாது. முன்னால் நின்ற அந்த முதுகையே பார்த்தாள். வயலில் கேட்காதது, வன்னியை விட்டுக் கப்பல் ஏறும்போது கேட்காதது, ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டும் கேட்காதது, இப்போது வாய்க்கு வந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள். "ஒருக்கால் திரும்பிப் பாருங்கோ."