ஐந்தாவது பாஸ்போர்ட்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பிச்சைமுத்துவின் வேன் பினாங்கு ஆயர் ஈத்தாமில் புஷ்பராணியின் அடுக்குமாடி வீட்டின் கீழே வந்து நின்றது. கழகத் தலைவர் அம்பிகைபாகன் தலையில் தொப்பியோடு முன்னிருக்கையிலிருந்து இறங்கி விசில் ஊதினார். நான்கு பேர் போகும் பயணத்துக்கு விசில் தேவையில்லை. ஆனால் புதிதாக வாங்கிய விசில். வாங்கியதற்கு ஊத வேண்டுமே.

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு. எங்கள் அமைப்பின் பெயர் அகில பினாங்கு தமிழர் உல்லாச முகாம் கழகம். அகிலத்துக்கு மொத்தம் ஐந்து உறுப்பினர்கள், ஐந்து பேருமே பொறுப்பாளர்கள். தலைவர், ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. பொருளாளர் நான், சற்குணம், பள்ளி வாத்தியார். செயலவை உறுப்பினர் புஷ்பராணி, ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. பிச்சைமுத்து போக்குவரத்துத் துணைத் தலைவர், ஏனென்றால் வேன் அவனுடையது. செயலாளர் குலசேகரம்.

குலசேகரம் மூன்று வாரத்துக்கு முன்னால் இறந்துபோயிருந்தார்.

வெளிநாட்டுப் பயணம் எங்கள் எல்லோருக்கும் முதல் தடவை. வெளிநாடு என்றால் சயாம், அதாவது தாய்லாந்து. காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். தலைவர் சுற்றறிக்கையில் அதை 'அயலக விஜயம்' என்று எழுதியிருந்தார். சொங்க்லா ஏரிக்கரையில் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்குவது, ஞாயிறு மாலை திரும்புவது. அவ்வளவுதான் விஜயம்.

புஷ்பராணி பையோடு இறங்கி வந்தாள். அவள் புருஷன் இல்லாதவள். ஒன்பது வயது மகள் வதனியைப் பக்கத்து வீட்டு ஹபீபா பீவியிடம் விட்டுவிட்டு வந்தாள். வதனி படிக்கட்டு வரை வந்து சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"திங்கக்கெழம ஸ்கூலுக்கு யாரு சடை பின்னிவிடுவா? ஹபீபா அத்தை பின்னுனா கோணலா வருதும்மா."

"கேக்குதுலா எனக்கு," என்று மேலேயிருந்து ஹபீபா பீவி சிரித்தார்.

"நான்தான் பின்னிவிடுவேன். ஞாயித்துக்கெழம வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துடுவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வேனில் நடு இருக்கையில் ஜன்னலோரம் காலியாக இருந்தது. அது குலசேகரத்தின் இடம். நாங்களாக விட்டு வைத்ததல்ல, தீர்மானம் போட்டு விட்டு வைத்தது. இரங்கல் கூட்டத்தில் தலைவர் நாற்பது நிமிடம் பேசினார், அதில் முப்பத்தைந்து நிமிடம் தன்னைப் பற்றி. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தீர்மானத்தை வாசித்தார்: "மறைந்த செயலாளரின் பெயர் பயணப் பட்டியலிலிருந்து நீக்கப்படமாட்டாது. அவர் நம்மோடு வருவார், நம்மோடு திரும்புவார்."

வழிமொழிந்தவன் நான். வடை ஆறிக்கொண்டிருந்தது.

குலசேகரத்துக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற அலோர் ஸ்டாரைத் தாண்டிப் போனதில்லை என்கிற குறை வாழ்நாள் முழுக்க இருந்தது. பாஸ்போர்ட் வந்த அன்று அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தூங்கினாராம். எப்போதும் நெற்றியில் தைலம். எதையும் வாசிப்பதற்கு முன்னால் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவார். பயணப் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த மேசையிலேயே சாய்ந்து போய்விட்டார். அவருடைய பெயர்தான் கடைசியாக அடித்திருந்த பெயர்.

எல்லைச் சாவடியில் தலைவர் தன் தோல்பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்து நீட்டினார். எல்லாருடையதையும் ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். சயாம் அதிகாரி வேனுக்குள் தலையை நீட்டி விரலால் எண்ணிவிட்டுப் போனார். முத்திரை குத்தும் சத்தம் கேட்டது.

அரை மைல் போனபிறகு புஷ்பராணி, தட்டச்சுக்காரி இல்லையா, ஒவ்வொன்றாகப் பிரித்துச் சரிபார்த்தாள்.

"ஐயா, இதுல அஞ்சு இருக்கு."

"என்ன அஞ்சு?"

"குலசேகரம் அங்கிளோடதும் இருக்கு. அதுலயும் சாப் குத்திட்டாங்க."

பிச்சைமுத்து ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். "தலைவரே, தீர்மானம் பாஸாயிருச்சு லா! செயலாளர் சயாமுக்கு வந்துட்டாரு."

நானும் சிரித்தேன். தலைவர் சிரிக்கவில்லை. இறந்தவரின் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டு வைத்தது தன் அலுவலகத் திறமைக்கு இழுக்கு என்று அவர் முகம் கறுத்துவிட்டது.

அந்த அதிகாரி விரல் விட்டு எண்ணியபோது எத்தனை வரை எண்ணினார் என்று அப்போது நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஏரிக்கரையில் சவுக்கு மரங்கள். தண்ணீர் மண்ணெண்ணெய் படிந்ததுபோல அசையாமல் கிடந்தது. கூடாரம் அடிக்கும் முறையைத் தலைவர் நின்றபடி விளக்கினார்; நாங்கள் மூவரும் அடித்தோம். அது இரண்டு தடவை விழுந்தது. பொழுது சாயும்போது பிச்சைமுத்து வழியில் வாங்கிய சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தான்.

"நாலுதானே வாங்குனே?" என்றேன்.

"நாலுதான் சொன்னேன். அந்தக் கடைக்காரம்மா வேனைப் பாத்துட்டு அஞ்சு கட்டிருச்சு."

ஐந்தாவது பொட்டலத்தைக் காலி இருக்கையில் வைத்துவிட்டு வந்தான், பகடிக்கு. பாத்திரம் கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தபோது இலையில் ஒரு பருக்கைகூட இல்லை. மிளகாயை மட்டும் ஒதுக்கி ஓரத்தில் வைத்திருந்தது.

குலசேகரத்துக்கு மிளகாய் ஆகாது.

"நாய் தின்னுருக்கும்," என்றார் தலைவர்.

நாய் மிளகாயை ஒதுக்கி வைக்குமா?

காற்றே இல்லை. இருந்தும் தைல வாசம் வந்தது. ஏரிப் பக்கமிருந்து அல்ல, வேனுக்குள்ளிருந்து.

பிறகு தொண்டையைச் செருமும் சத்தம்.

இரண்டு தடவை.

சனிக்கிழமை முழுக்க எங்களில் யாரும் வேனுக்குள் ஏறவில்லை. ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டோம். தலைவர் 'உள்ளே புழுக்கம்' என்றார். மாலையில் புஷ்பராணி என் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, தண்ணி எடுக்கப் போனேன். பின்னால நின்னு பேசுறாரு. 'புஷ்பா, எப்ப கெளம்புறோம்? நானும் வீட்டுக்குப் போகணும்'ங்கிறாரு."

"திரும்பிப் பாத்தியா?"

"பாக்கல. எனக்கு வதனிகிட்ட போகணும்ண்ணே. இப்பவே போயிடலாமா?"

தலைவரிடம் சொன்னேன். நிகழ்ச்சி நிரலில் புறப்பாடு ஞாயிறு காலை ஒன்பது மணி என்று இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார்.

ஆனால் ஞாயிறு விடியும்போது நான் அவரைத் தண்ணீரோரத்தில் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் அந்தத் தொப்பி இல்லாமல், வெறும் கிழவராக நின்றார். கையில் ஒரு பாஸ்போர்ட்.

"இத எல்லையில கண்டானுங்கன்னா கேள்வி மேல கேள்வி கேப்பானுங்க, சற்குணம். என் பேருக்குக் களங்கம். நீரே பாத்துக்கொள்ளும். பிறகு மாத்தி எறிஞ்சேன்னு சொல்லக்கூடாது."

பிரித்துக் காட்டினார். குலசேகரத்தின் படம்தான். வழுக்கை, மூக்குக்கண்ணாடி, கழுத்துப் பட்டை. என் கண்ணால் பார்த்தேன். அவர் வீசினார். அது மூழ்குவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டது.

சயாம் பக்கத்தில் நான்கையும் குத்தித் தந்துவிட்டார்கள். நாங்கள் மூச்சுவிட்டோம். நம் பக்கத்துச் சாவடியில் அதிகாரி ஜன்னலருகே வந்து நின்று பெயர் பெயராகக் கூப்பிட்டார்.

"அம்பிகைபாகன்."

தலைவர் கையைத் தூக்கினார்.

"சற்குணம். பிச்சைமுத்து."

நான்காவது பாஸ்போர்ட்டைப் பிரித்தார். புஷ்பராணி முன்னால் சாய்ந்து கையைத் தூக்கத் தயாரானாள்.

"குலசேகரம்."

ஏரியில் மூழ்கியதை என் கண்ணால் பார்த்த பாஸ்போர்ட்.

அதிகாரி படத்தைப் பார்த்தார். புஷ்பராணி உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"குலசேகரம்?"

"சார், நான்..." என்று புஷ்பராணி வாயைத் திறந்தாள்.

"யெஸ் சார்! பிரெசென்ட்!" என்றார் தலைவர்.

முப்பத்தைந்து வருடம் அலுவலகத்தில் வராதவர்களுக்கெல்லாம் வருகை சொல்லிப் பழகிய நாக்கு. அதிகாரி தலையசைத்து நான்கையும் திருப்பித் தந்துவிட்டுத் தடுப்பைத் தூக்கச் சொன்னார்.

"ஐயா, என் பேரைக் கூப்பிடலையே! என் பாஸ்போர்ட் எங்க?"

"சும்மா இரும்மா. விட்டுட்டான்ல. வீட்டுக்குப் போறோமா இல்லியா?"

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். 'ஆபீசர், ஒருத்தி பெயர் விட்டுப்போச்சு' என்று ஒரே ஒரு வாக்கியம். திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. பேசவில்லை.

அலோர் ஸ்டாரில் தேநீருக்கு நிறுத்தினோம். கடைக்காரி மேசையில் நாங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நான்கு கோப்பை கொண்டுவந்து வைத்தாள். மூன்றை எங்கள் முன்னால் வைத்தாள். நான்காவதைக் காலி நாற்காலியின் முன்னால் வைத்தாள்.

"எனக்கு?" என்றாள் புஷ்பராணி. கடைக்காரி அவள் ஊடாக மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

தீவுக்குத் திரும்பும் பெர்ரியில் ஏறும்போது புஷ்பராணி விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். வதனி சடை, வதனி சாப்பாடு, வதனிக்கு வாங்கிய சயாம் பொம்மை. பிச்சைமுத்து கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

"வாத்தியாரே, அந்தம்மா தூங்கிட்டாங்களா? கெளம்புனதுல இருந்து சத்தமே காணோம்."

அவள் பேச்சை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணே. உங்களுக்குக் கேக்குதுல்ல?"

கேட்டது. பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

விளக்கு வைப்பதற்குள் ஆயர் ஈத்தாம் வந்துவிட்டோம். சொன்ன நேரத்துக்கு. தலைவர் வேனைவிட்டு இறங்கவில்லை. நான்தான் அவளோடு மூன்று மாடி ஏறினேன். படியில் என் காலடி மட்டும் கேட்டது. ஹபீபா பீவி வீட்டுக் கதவைத் தட்டுமுன் அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

வதனி கதவைத் திறந்தது. புஷ்பராணி குனிந்து இரண்டு கைகளாலும் அதன் முகத்தை ஏந்தினாள்.

குழந்தை என்னைப் பார்த்தது. படிக்கட்டை எட்டிப் பார்த்தது.

"மாமா, அம்மா எங்க?"

"இங்கதாண்டி இருக்கேன். வதனி. இங்க பாரு. இங்க."

"மாமா, ஏன் பேசாம நிக்கிறீங்க? அம்மா எங்க?"

பின்னால் வந்த ஹபீபா பீவி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார். புஷ்பராணியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. எனக்கு இப்போது எதுவும் கேட்கவில்லை. மாடி விளக்கைப் போட்டார்கள். வெளிச்சம் வந்ததும் என் பக்கத்தில் சுவர்தான் இருந்தது.

ஏரியில் மூழ்கிவிட்டாள் என்று தலைவர் போலீசில் எழுதிக் கொடுத்தார். நான்கு பிரதிகள், தெளிவான நடையில். அதற்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் லெபோ பாசார் தெருவில் இருக்கும் கழக மாடியறையில் இரங்கல் கூட்டம். மூன்று பேர்தான் வந்திருந்தோம். தலைவர் எழுந்தார். தொப்பி, விசில் எதுவுமில்லை. "மறைந்த உறுப்பினரின் பெயர்..." என்று ஆரம்பித்தவர் அதற்குமேல் வாசிக்கவில்லை. வருகைப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். எங்கள் மூன்று கையெழுத்துகளுக்குக் கீழே நீல மையில் நான்காவது. குலசேகரத்தின் 'கு' எப்போதும் வால் நீண்டிருக்கும். மை இன்னும் காயவில்லை.

செயலாளர் நாற்காலியிலிருந்து தைல வாசம். இரண்டு செருமல்.

தலைவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. பினாங்கில் பேயைக்கூட நம்பிவிடுவார்கள், தலைவர் பேசாமல் இருந்ததை நம்பமாட்டார்கள்.

நான் சனிக்கிழமைதோறும் ஹபீபா பீவி வீட்டுக்குப் போகிறேன். முதல் தடவை போனபோது அவர் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, அந்தத் திங்கக்கெழம காலையில நான் சீப்பைத் தொடவே இல்ல. புள்ள எந்திரிச்சு வருது, ரெட்டைச் சடை. நேரா, இறுக்கமா. ரிப்பன் ஈரம். ஏரித்தண்ணி நாத்தம். தெனமும் அப்படித்தான். நான் ஓதித்தான் பாக்குறேன். பயமா இருக்கு. நின்னுருமோன்னும் பயமா இருக்கு."

வதனிக்குப் பயமில்லை. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்ளும். என்னிடம் எப்போதும் அதைத்தான் முதலில் காட்டும். மாதம் போகப் போக எனக்கு ஒன்று தெரிந்தது, நான் சொல்லவில்லை. பின்னல் தளர்ந்துகொண்டு வந்தது. முடிச்சு விட்டுப்போனது. கோணலாயிற்று.

போன சனிக்கிழமை கதவைத் திறந்த குழந்தை வழக்கம்போல ஓடிவரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"மாமா, இன்னிக்கு ஒரு பக்கம்தான் பின்னியிருந்துச்சு."