சுக்கருக்குப் பல் விழாது

அந்தப் பிள்ளையின் சிரிப்பில் ஏதோ சரியில்லை. சீரியல்களுக்குக் குழந்தை நடிகர்களைத் தேடிப் பிடிக்கும் நஷ்வாவுக்கே என்னவென்று பிடிபடவில்லை. போனில் வந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பெயர் சுக்கர். ஆறு வயது, சுருட்டை முடி, கன்னத்தில் குழி, சிரி என்றதும் சிரிக்கிறாள். ஆனால் அந்தப் பற்கள்! ஒன்று பால் வெள்ளை, பக்கத்தில் இருப்பது லேசான நீலம், அதற்கடுத்தது பழுப்பு. நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. மிட்டாய் தின்றே கெடுத்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வேறு வழியும் இல்லை. ரமலான் சீரியல் பாதி ஒளிபரப்பாகிவிட்டது, மீதியை இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கதாநாயகியின் மகளாக நடித்த சிறுமிக்கு நேற்று முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. டைரக்டர் எல்லோர் முன்னாலும் கத்தினான். "ஆறு வயசுல பல்லு விழும்னு தெரியாதா உனக்கு? இத்தனை வருஷமா என்னத்தப் புள்ள புடிக்கிற?"

பிள்ளை பிடிக்கிறவள். சரியாகத்தான் சொன்னான். சீ, என்ன பிழைப்பு இது. பச்சைப் பிள்ளைக்கு உதட்டுச்சாயம் தீட்டி இழுத்துக்கொண்டு வரும் தாய்மார்கள். மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல் மோவாயைப் பிடித்து வாய்க்குள் பார்க்கும் அவள். அழ வைக்க வேண்டுமா? தாயைப் படிக்கட்டுக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, 'உங்கம்மா உன்னை விட்டுட்டுப் போயிட்டா' என்றால் போதும். பெற்றவள் பக்கத்தில் இருந்தால் பிள்ளை நடிக்காது. கெய்ரோவில் இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் நஷ்வாவின் இந்தச் சட்டம் தெரியும். தன் மகள் லுகைனை மட்டும் கேமரா பக்கமே விடுவதில்லை என்று அவள் சத்தியம் செய்திருந்தாள்.

ஆனால் இன்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண் நோன்பு திறக்க முன்னதாகவே வீட்டுக்குப் போய்விட்டாள். லுகைனையும் கூட்டிக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது. சுக்கரின் வீடு தாஹிர் தெருவில் பழைய கட்டடம், நாலாவது மாடி, லிஃப்ட் எப்போதோ செத்துப்போயிருந்தது. படி ஏறும்போதெல்லாம் லுகைன் நாக்கால் முன்பல்லை ஆட்டிக்கொண்டே வந்தாள். போன வருஷம் குளியலறைக் குழாயில் இடித்து ஓரம் உடைந்த பல் அது.

"அம்மா, இன்னைக்கு விழுந்துருமா?"

"விழட்டும்டி. காலையில சூரியனைப் பார்த்து எறிஞ்சிட்டு, இதுக்குப் பதிலா கல்யாணப் பொண்ணு பல்லு மாதிரி அழகா ஒண்ணு குடுன்னு கேளு."

கதவைத் திறந்தவள் இன்ஷிராஹ். அறுபது தாண்டிய பெண்மணி, சினிமாவுக்குப் பிள்ளை கொடுப்பவள், வேறு பிள்ளைகளோடு நஷ்வாவிடம் பல தடவை வந்தவள். "வாங்க மதாம் நஷ்வா! அட, இதாரு? உங்க மகளா? வாடி என் ராஜாத்தி!" என்று லுகைனின் கன்னத்தைக் கிள்ளி, கட்டைவிரலால் கீழுதட்டை மெல்ல இறக்கிப் பார்த்தாள். நஷ்வாவுக்குச் சுருக்கென்றது. அது தன் கை மற்றவர்கள் பிள்ளைகளுக்குச் செய்கிற வேலை.

வீடு முழுக்கத் திரிந்த பால் வாடை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அடுப்பில் கொதித்த கீரையின் பூண்டு வாசனை, நாட்பட்ட துணியின் ஈரம், அதற்கடியில் கைக்குழந்தை கக்கியதை யாரும் துடைக்காமல் விட்டதுபோல் ஒரு புளிப்பு. நோன்பில் இருந்த நஷ்வா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மேஜையில் நோன்பு திறக்க ஆப்ரிகாட் பழச் சாறு தயாராக இருந்தது. அதன் மேல் ஆடை சுருங்கி மிதந்தது.

சுவரெல்லாம் படப்பிடிப்புப் புகைப்படங்கள். எல்லாவற்றிலும் சுருட்டை முடிச் சிறுமி, கன்னத்தில் குழி. வண்ணப் படங்களுக்கு மேலே கறுப்பு வெள்ளையும் இருந்தது.

"இது உங்க பொண்ணா ஹாஜ்ஜா? சுக்கரோட அம்மாவா?"

"சுக்கர்தான்" என்று கிழவி சிரித்தாள்.

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தாள் நஷ்வா. மறுபடி பார்த்தாள். அதே முகம், அதே குழி. சிரிப்பு மட்டும் படத்துக்குப் படம் வேறு. ஒன்றில் இடைவெளி விட்ட பல், ஒன்றில் தெற்றுப்பல், ஒன்றில் அரிசி மாதிரி சின்னச் சின்னப் பல். வாய்க்குள் எச்சில் ஊறியது, விழுங்க அருவருப்பாக இருந்தது.

"பிள்ளையைக் காட்டுங்க. நேரமாச்சு, நாங்க கிளம்பணும்."

"உள்ள இருக்கா. ரொம்பக் கூச்சம். உங்க மக போய்க் கொஞ்சம் விளையாடட்டும், பழகிருவா. என்ன ராஜாத்தி, உள்ள பொம்மை நிறைய இருக்கு." லுகைன் கையை உதறிக்கொண்டு ஓடினாள். நஷ்வா எழுந்தாள். கிழவி கதவைச் சாத்தி அதன் முன்னால் நின்றாள். "நீங்க எங்க வரீங்க மதாம்? பெத்தவ பக்கத்துல இருந்தா பிள்ளை நடிக்காது. நீங்க சொன்னதுதானே? என்னைய எத்தனை தடவ படிக்கட்டுல உக்கார வச்சிருப்பீங்க!"

நஷ்வா உட்கார்ந்தாள். வெட்கத்தில் உட்கார்ந்தாள். சொந்தச் சட்டத்தை எப்படி மறுப்பது?

கீழே தெரு அடங்கிக்கொண்டே போனது. கடைசி மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஓடியது. இன்னும் சில நிமிடங்களில் ஊரே சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்துவிடும், தெருவில் ஈ காக்கை இருக்காது. உள்ளே இரண்டு பிள்ளைகளின் சிரிப்பு. அப்புறம் ஒரு பிள்ளையின் சிரிப்பு. அப்புறம் டக். பருப்பில் பொறுக்கிய கல்லைத் தட்டில் போடுவதுபோல ஒரு சத்தம். டக். டொமினோ விளையாடுகிறார்கள் போல.

"உங்க மக பல்லு ஆடுதே" என்றாள் கிழவி. "வெயிலுக்கு எறியச் சொல்லிருப்பீங்களே?"

"ஆமா."

"எதுக்கு மதாம் வீணா எறியணும்?"

டக். டக்.

"லுகைன்!"

நஷ்வா எழுந்தாள்.

"லுகைன், வா போகலாம்!"

டக்.

தொலைக்காட்சியில் நோன்பு திறக்கும் பீரங்கி வெடித்தது. பாங்கு எழுந்தது. கிழவி நிதானமாகப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். அவளுக்கு ஒரு பல் கூட இல்லை. நஷ்வா அவளைத் தள்ளினாள். கைப்பிடி ஈரமாக இருந்தது. பிசுபிசுத்தது. திருகினாள்.

கட்டிலில் சுக்கர் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளித் தட்டு. லுகைன் சுவரைப் பார்த்து நின்றாள்.

"மதாமுக்குச் சிரிச்சுக் காட்டு கண்ணு" என்றாள் கிழவி பின்னாலிருந்து.

சுக்கர் சிரித்தாள். வரிசை. வெள்ளை. எல்லாம் ஒரே நிறம். முன்னால் ஓரம் உடைந்த பல் ஒன்று. நாக்கால் அதை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

நேற்றுப் பல் விழுந்த சிறுமியின் வேடத்துக்கு இவள் அச்சு அசலாகப் பொருந்துவாள். அதுதான் நஷ்வாவுக்கு முதலில் தோன்றியது. சீ! த்தூ! பெற்ற மகள் அங்கே நிற்கிறாள், தனக்கு முதலில் தோன்றியது அது.

"லுகைன். கண்ணே. இங்க திரும்பு."

தோள்கள் குலுங்கின.

"அம்மா வந்துட்டேன்டி. போகல. உன்னை விட்டுட்டுப் போகல."

லுகைன் மெல்லத் திரும்பினாள். ரத்தம் இல்லை, காயம் இல்லை. கன்னங்கள் மட்டும் உள்ளே ஒட்டியிருந்தன. அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். பிறந்த அன்று நஷ்வா பார்த்த அதே வாய், மேலும் கீழும் ஈரமாக, இளஞ்சிவப்பாக, வழவழவென்று.