வெல்டிங் வைத்த வாசல்

செல்போன் அலறியது!

முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த தேவிப்ரியா எடுத்தாள். எதிர்வீட்டு ஜோதி!

"அக்கா, சீக்கிரம் வாக்கா! ரேஷன் கடையிலருந்து இப்பத்தான் வாரேன்... உங்கூட்டு இரும்புக் கதவ வெல்டிங் வெச்சு அடைச்சுட்டாங்க!"

"யாரு?"

"ஓனரோட பட்டறை ஆளு, காளியப்பன். அக்கா... உள்ள இருந்து யாரோ தட்டறாங்க!"

தேவிப்ரியா அட்டைகளைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

காய்ச்சலில் கிடந்த மகள் அறிவுச்செல்வியை வீட்டில் படுக்கவைத்துவிட்டல்லவா வேலைக்கு வந்தாள்!

"போலீசுக்குச் சொல்லு ஜோதி... வந்தர்றேன்!"

ஷேர் ஆட்டோ நாமக்கல் நெரிசலில் ஊர்ந்தது.

"வேகமாப் போங்கண்ணா!"

"எங்கம்மா போறது? முன்னால பாருங்க, எத்தன லாரி!"

உட்கார முடியவில்லை. நகத்தைக் கடித்தாள். எட்டிப் பார்த்தாள். இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

லாரி கவிழ்ந்ததில் கணவன் கந்தனுக்குக் கால் போய், ஆஸ்பத்திரியே கதி. வாடகை பாக்கி விழுந்தது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் வீட்டு ஓனர் பூபதி, நேற்றுதான் வாசலில் நின்று குதித்தார்.

"காசு இல்லீனா மூட்டையக் கட்டு!"

"பாக்கிய கொஞ்சங் கொஞ்சமாத் தாரேனுங்க. முடியாதுன்னா கோர்ட்டுக்குப் போங்க. கோர்ட்டு ஆர்டர் இல்லாம யாரையும் ஊட்ட உட்டு வெளியேத்த முடியாதுங்க!"

இலவச சட்ட உதவி வக்கீலம்மா சொல்லித் தந்தது.

"எனக்கே சட்டமா? பாக்கலாம்டி!"

பார்த்துவிட்டார்! வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ? சட்டம் பேசி, பெற்ற பிள்ளையைப் பறிகொடுக்கவா?

ஆட்டோ நிற்பதற்குள் குதித்தாள். தகடு அடித்த முரட்டுக் கதவு. தொட்டாள். வெல்டு இன்னும் சுட்டது.

"செல்வி!"

தட்... தட்... தட்...

உள்ளேயிருந்து கதவு அதிர்ந்தது. தேவிப்ரியா நிலத்தில் விழுந்து அழுதாள். "என் கண்ணே... அம்மா வந்துட்டேன் சாமி!"

"அம்மா..."

குரல் பின்னாலிருந்து வந்தது!

திரும்பினாள். தூக்கம் கலையாத முகத்துடன் அறிவுச்செல்வி!

"குழாயில தண்ணியே வரலம்மா. ஜோதிக்கா ஊட்டுப் பின்னால தண்ணி குடிக்கப் போனேன்... அங்கயே கட்டில்ல தூங்கிட்டேன்."

மகளை வாரி அணைத்தாள். மறுபடி கதவைப் பார்த்தாள்.

அப்படியென்றால்... உள்ளே யார்?

போலீஸ் ஜீப் வந்து நின்றது. சப் இன்ஸ்பெக்டர் மணிமாறன் இறங்கினார். பின்னால், பட்டறையிலிருந்து பிடித்து வந்த காளியப்பன் கைகட்டியபடி.

"ஏன்டா, உள்ள ஆள் கத்துனது கேக்கல?"

"கேட்டுதுங்க சார். தகட்டுக் கதவுல யாரு கொரலுன்னுதான் தெரியலீங்க. முதலாளி நேத்தே சொல்லிட்டாருங்க... உள்ளார இருந்துட்டு நாடகம் ஆடுவாங்க, எவ்வளவு கத்துனாலும் நிறுத்தாதடான்னு! மத்தியானத்துக்கு மேல வரச் சொன்னாருங்க. வேற வண்டி வேல இருந்துதுங்களா... முன்னாலயே வந்து முடிச்சுட்டனுங்க."

முதலாளி சொல்லைத் தட்டாத மகராசன்!

மணிமாறன் லத்தியால் ஜன்னல் கண்ணாடியைத் தட்டி உடைத்தார்.

கம்பிகளுக்கு நடுவே ஒரு கை நீண்டது.

விரலுக்கு ஒரு மோதிரம். பிடியில் பிடுங்கிய ஃப்யூஸ் கட்டை!

பின்னாலேயே வியர்வையில் நனைந்த பூபதியின் முகம்!

"ஊடு தொறந்து கெடந்துது... ஃப்யூஸப் புடுங்கலாம்னு நுழைஞ்சேன். செல்போன வேற பட்டறையிலயே வெச்சுட்டு வந்துட்டேன். இந்தக் கூறுகெட்டவன்..."

"தண்ணிய நிறுத்துனது நீங்க. கரண்டப் புடுங்குனது நீங்க. கதவ அடைக்கச் சொன்னதும் நீங்க," மணிமாறன் செல்போனில் படம் எடுத்தார். "மூணும் குத்தம். சாட்சி, உங்க கையிலயே இருக்கு. காளியப்பா, வெட்டுடா!"

"வெல்டிங் மிஷினு, ஜெனரேட்டர் எல்லாம் பட்டறைக்குப் போயிருச்சுங்க சார். திரும்பி வந்தாத்தான் அறுக்க முடியும்."

பூபதி கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"தேவிப்ரியா... சாமி... மூச்சு முட்டுதே! கதவ உடைச்சாவது என்னைய வெளிய எடு சாமி!"

தேவிப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

"எப்படிங்க? கோர்ட்டு ஆர்டர் இல்லாம உங்கள வெளியேத்த முடியாதுங்களே! அதுவரைக்கும் இருங்க... வாடகைய மட்டும் மாசாமாசம் ஒழுங்காக் குடுத்துருங்க!"