எந்த மேட்டுக்குள் எங்கள் பானை?

இரியாவின் கால்கள் ஓர் இடத்தில் நிற்காது. சாப்பிடும்போது மேசைக்கடியில் ஆடும். பாடம் எழுதும்போது நாற்காலிக் கட்டையில் தாளம் போடும். தூக்கத்தில்கூடப் போர்வையை உதைத்துக் கீழே தள்ளிவிடும்.

"உன் காலுக்குள்ள எரிமலை இருக்கா என்னடி?" என்பாள் அம்மா தியோலிண்டா.

இருந்தாலும் ஆச்சரியமில்லை. எங்கள் பூர்னாஸ் ஊரே ஒரு பழைய எரிமலையின் வாய்க்குள்தான் இருக்கிறது. ஏரிக்கரையில் மண்ணுக்கடியிலிருந்து எப்போதும் ஆவி வந்துகொண்டிருக்கும். விருந்துச் சமையல் எல்லாம் அந்தச் சூட்டில்தான். இறைச்சி, முட்டைக்கோஸ், சேப்பங்கிழங்கு எல்லாவற்றையும் பானையில் அடுக்கித் துணியால் கட்டிக் குழிக்குள் இறக்குவார்கள். மரமூடி போட்டு, மேலே மண்ணைக் குவித்துவிட்டால் ஆறு மணி நேரத்தில் வெந்துவிடும். எந்த மண்மேடு யாருடையது என்று தெரிய, அதன் உச்சியில் ஒரு பெயர்ப்பலகையைக் குத்தி வைப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை, இருட்டு விலகும் முன்பே, அம்மாவின் பானையும் குழிக்குள் இறங்கியது.

அன்று எங்கள் தீவின் பொன்டா டெல்கடா துறைமுகத்துக்கு ஒரு பெரிய பயணக் கப்பல் வந்திருந்தது. தீவு தீவாகப் போகிற கப்பல். அதிலிருந்து பதினான்கு பேர் மதியச் சாப்பாட்டுக்கு அம்மாவின் புதிய கடைக்கு வருகிறார்கள். வழிகாட்டி ஒடீலியா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"சாப்பாடு பிடிச்சுதுன்னா, இனிமே ஒவ்வொரு கப்பலுக்கும் உன் கடைக்குத்தான் கூட்டிட்டு வருவேன். பிடிக்கலைன்னா என்னைக் கோவிச்சுக்காத, தியோலிண்டா."

பிடிக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று இரியாவுக்குத் தெரியும். ஐந்தே மேசைகள் கொண்ட கடையை மூட வேண்டும். அம்மா மறுபடியும் நகரத்து விடுதிக்குப் படுக்கை விரிப்புத் துவைக்கப் போக வேண்டும். போன வருடம் முழுவதும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா. மற்ற ஆறு நாளும் சித்தி வீடு. சித்தி நல்லவள்தான். ஆனால் சித்தி வீட்டுக் கட்டிலில் படுத்தால், இரியாவுக்குக் கால்கள் மட்டுமல்ல, மனமும் உதைத்துக்கொண்டே இருக்கும்.

ஏழு மணிக்கு அம்மா இரியாவின் கையில் ஒரு ரொட்டியைத் திணித்தாள். "நான் போய் மேசையெல்லாம் போடணும். நீ மேட்டுப் பக்கத்துலயே உக்காந்திரு. நாய் கீய் வந்து மண்ணைக் கிளறிடாம பாத்துக்க. உக்காருவியா?"

"உக்காருவேன்மா."

"நீயா?" அம்மா சிரித்தாள். ஆனால் அவள் கைவிரல்கள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை முறுக்கிக்கொண்டே இருந்தன. அம்மாவுக்கும் எரிமலை விரலில் இருக்கிறது என்று இரியா நினைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் இரியா அசையாமல்தான் இருந்தாள்.

அதற்குள் பசீலியோ ஐயா வந்தார். அவருடைய பேத்திக்கு அன்று தேவாலயத்தில் பெயர் வைக்கும் விழா. பக்கத்துக் குழியில் தன் பானையை இறக்கச் சொன்னார். அதில் இறைச்சி இல்லை. உப்புக் கருவாடும் உருளைக்கிழங்கும்.

"கருவாட்டுக்கு மூணு மணி நேரம் போதும், காஸ்பர்," என்றார். "சரியா பத்தரைக்கு வருவேன். ஒரு நிமிஷம் பிந்துனாலும் கருவாடு கூழாயிடும்."

"நான் இன்னைக்கு முப்பது பானை இறக்கியாச்சு," என்றார் குழிகளைக் கவனிக்கும் காஸ்பர் மாமா. "உங்க பலகையைக் குத்திட்டுப் போங்க. பலகை இருந்தா பானை பத்திரம்."

அவர்கள் போனார்கள். இரியா ரொட்டியைத் தின்றாள். ஏரியைப் பார்த்தாள். வாத்துகளை எண்ணினாள். இரண்டு முறை எண்ணியும் பதினொன்றுதான் வந்தது. பிறகு கால்கள் கேட்கவில்லை.

இரண்டு மேடுகளுக்கும் நடுவே மண் ஈரமாக, சமமாக, வெதுவெதுப்பாக இருந்தது. பாண்டி ஆடுவதற்கென்றே செய்து வைத்தது போல! கோடு போட ஒரு குச்சிதான் இல்லை.

இரியா அம்மாவின் பலகையை மேட்டிலிருந்து உருவினாள். அதன் கால் தட்டையான மரக்கட்டை. தன் மேட்டின் அருகிலிருந்து முதல் கட்டத்தையும் இரண்டாம் கட்டத்தையும் போட்டாள். கோடு விரல் பருமனுக்கு விழுந்தது. கை வலித்தது. பசீலியோ ஐயாவின் பலகைக்கு இரும்புக் கம்பிக் கால். அதையும் உருவினாள். சர்ரென்று மெல்லிய கோடுகளாக மற்ற ஆறு கட்டங்களும் அவர் மேடு வரைக்கும் ஓடின.

ஒரு நுரைக்கல்தான் சில்லு. ஒன்று, இரண்டு, மூன்று... எத்தனை முறை ஆடினாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஏய்! யாருடி அது மேட்டுக்கிட்ட குதிக்கறது?"

தூரத்தில் காஸ்பர் மாமாவின் குரல். இரியா பதறிப்போனாள். காலால் கோடுகளைத் தேய்த்தாள். இரண்டு பலகைகளையும் இரண்டு மேடுகளிலும் குத்தினாள். மாமா வந்தபோது கைகளைக் கட்டிக்கொண்டு, வாத்துகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீதானே குதிச்சே?"

"கால் மரத்துப் போச்சு மாமா. உதறினேன்."

மாமா போய்விட்டார். இரியா திரும்பிப் பலகைகளைப் பார்த்தாள்.

இடது பக்கம் 'பசீலியோ'. வலது பக்கம் 'தியோலிண்டா'.

அப்படித்தானே இருந்தது? இல்லை, மாற்றியா? உட்கார்ந்தபோது ஏரி முன்னால் இருந்ததா, பக்கத்திலா? ஏரியைப் பார்க்க நடுவில் இடம் மாறி உட்கார்ந்தோமே? கண்ணை மூடிப் பார்த்தாள். மூடினால் ஒருவிதமாகத் தெரிந்தது. திறந்தால் வேறுவிதமாகத் தெரிந்தது. இரண்டு மேடுகளும் ஒரே உயரம். இரண்டிலும் ஒரே மாதிரி ஆவி.

திறந்து பார்க்கவும் முடியாது. பாதி வேக்காட்டில் மூடியைத் தூக்கினால் சூடெல்லாம் போய்விடும். மாட்டிறைச்சி ரப்பர் செருப்பாகிவிடும். பத்தரைக்குப் பசீலியோ ஐயா வந்து, தன் பலகை இருக்கிற மேட்டைத்தான் திறக்கச் சொல்வார். அது அம்மாவுடையதாக இருந்தால்?

பதினான்கு பேர். ரப்பர் செருப்பு. படுக்கை விரிப்பு. சித்தி வீட்டுக் கட்டில்.

சரியாகத்தான் வைத்திருப்போம் என்று இரியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒன்பது மணிக்குச் சொன்னாள். ஒன்பதரைக்கும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது இன்னும் பொய்யாகத்தான் கேட்டது. அவள் கால்கள் அன்று ஆடவே இல்லை. வயிற்றுக்குள்தான் ஏதோ குதித்துக்கொண்டிருந்தது. காஸ்பர் மாமா கடந்து போகும்போதெல்லாம் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

பத்து இருபத்தைந்துக்கே பசீலியோ ஐயா வந்துவிட்டார். கோட்டு, டை, பளபளக்கும் காலணி.

"திற காஸ்பர், திற. பாதிரியார் காத்திருக்கார். குழந்தை கத்துது. மருமக கத்துறா. எல்லாரும் கத்துறாங்க."

காஸ்பர் மாமா மண்வெட்டியை ஓங்கினார்.

"மாமா, வேண்டாம்!"

இரியா மேட்டுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். எப்படி அங்கே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் பலகையைப் பிடுங்கிட்டேன். ரெண்டையும். பாண்டிக் கோடு போட. திரும்ப வச்சேன், ஆனா... சரியா வச்சேனான்னு தெரியலை."

மண்வெட்டி மெதுவாகக் கீழே இறங்கியது.

"தெரியலைன்னா?" என்றார் பசீலியோ ஐயா. "மாத்தி வச்சியா, வைக்கலையா?"

"அதுதான் தெரியலை."

"இது என்ன பதில்? எனக்குக் கருவாடு கூழாகுது!"

"எங்கம்மாவோடதத் திறந்தா இறைச்சி வேகாது ஐயா. கப்பல்காரங்க சாப்பிட வராங்க. முதல் தடவை."

காஸ்பர் மாமா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஒண்ணை இருட்டுல இறக்கினேன், இன்னொண்ணை அவசரத்துல. பாத்தா ஒண்ணு போலத்தான் இருக்கு. கோடு எங்கடி போட்டே?"

"தேச்சுட்டேன். நீங்க பாத்துடக் கூடாதுன்னு."

சொல்லும்போதே இரியாவுக்குள் ஏதோ பளிச்சென்றது. கோடு! அவள் சட்டென்று மண்டியிட்டாள். மேல்மண்ணை உள்ளங்கையால் மெதுவாகத் தள்ளினாள். வாயால் ஊதினாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஊதினாள். தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது.

"இது கம்பிக் கோடு. உங்க பலகை போட்டது," என்றாள். "எங்க பலகைக் கோடு தடியா இருக்கும். அதை முதல்ல போட்டேன். எங்க மேட்டுக்குப் பக்கத்துல."

மெல்லிய கோட்டைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்தாள். ஐந்தாம் கட்டம், நான்காம் கட்டம், மூன்றாம் கட்டம். பசீலியோ ஐயாவும் கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் குந்தினார்.

"என் பேத்திக்குப் பேர் வைக்கிற நாள்ல, நான் கோட்டு போட்டுட்டு மண்ணுல பாண்டிக் கட்டம் தேடுறேன்," என்று முணுமுணுத்தார். "ஊது, ஊது. இந்தப் பக்கம் ஊது."

திடீரென்று இரியாவின் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. தடிமனான கோடு. எவ்வளவு தேய்த்தும் போகாத ஆழம். அது நேராகப் போய், 'பசீலியோ' என்று எழுதியிருந்த மேட்டின் அடியில் நின்றது.

"இது எங்கம்மாவோடது," என்றாள் இரியா. "மாத்தித்தான் வச்சிருக்கேன்."

"நிச்சயமா?" என்று கேட்டார் காஸ்பர் மாமா.

அவள் எழுந்து இரண்டு பலகைகளையும் உருவினாள். அம்மாவின் பலகைக் காலைப் பள்ளத்தில் வைத்தாள். அளவெடுத்தது போலப் பொருந்தியது.

காஸ்பர் மாமா மற்ற மேட்டைத் திறந்தார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் கொக்கிக் கம்பால் பானையைத் தூக்கினார்கள். துணி முடிச்சை அவிழ்த்ததும் பூண்டு வாசனையோடு கருவாட்டு வாசனை எழுந்தது.

பசீலியோ ஐயா உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு துண்டை வாயில் போட்டார். "கூழாகலை," என்றார், கொஞ்சம் ஏமாந்த குரலில். திட்டுவதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார் போலும். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு பிடி சர்க்கரைப் பாதாமை எடுத்து அவள் கையில் கொட்டினார். விழாவுக்கு வாங்கியது. "இன்னொரு தடவை என் பலகையைத் தொட்டே, உன் பேரை மாத்தி வச்சிடுவேன்."

பன்னிரண்டு மணிக்குக் கப்பல்காரர்கள் ஏரிக்கரைக்கு வந்தார்கள். கந்தக நாற்றத்துக்குப் பதினான்கு பேரும் மூக்கைப் பிடித்தார்கள். அம்மாவின் பானை மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்ததும், மூக்கை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

கடையில் இறைச்சி கரண்டி பட்டதும் பிரிந்தது. ஒரு நெட்டைக்காரர் சேப்பங்கிழங்கை மூன்று முறை கேட்டு வாங்கினார். வண்டியில் ஏறும் முன் ஒடீலியா திரும்பிப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை அடுத்த கப்பல், தியோலிண்டா. இருபது பேர். மேசை போதுமா?"

"போதும், போதும். போதலைன்னா கதவைக் கழட்டிப் போடுறேன்," என்றாள் அம்மா. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பாத்திரம் கழுவும்போது இரியா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்படி யாரும் அவளைக் கேட்கவில்லை. ஆனால் சொல்லாவிட்டால் அந்தக் குதிப்பு வயிற்றிலேயே தங்கிவிடும் போலிருந்தது. அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"பசீலியோ அண்ணன் மண்ணுல குந்தினாரா?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஆமாம்மா. ஊது ஊதுன்னு வேற சொன்னார்."

அம்மா சிரிக்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு நிமிர்ந்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை பானையைப் பாத்துக்க யாரை அனுப்புறது?"

எதிரே வந்து உட்கார்ந்த இரியாவின் கால்கள் மேசைக்கடியில் மறுபடியும் ஆடத் தொடங்கியிருந்தன.

"நான்தான் போவேன்," என்றாள். "கோடு போட வீட்டுலேர்ந்தே குச்சி எடுத்துட்டுப் போறேன்."