உள்ளங்கைச் சூடு

சக்கரம் இடப்பக்கமாகச் சுற்றியது.

அவள் உள்ளங்கையில் இருந்தவரை அந்தக் குட்டி இஞ்சின் ஒழுங்காக வலப்பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. "நீங்களும் வச்சுப் பாருங்க" என்று ஆசையாகக் கணவனின் கைக்கு மாற்றினாள். சக்கரம் தயங்கியது, நின்றது, பிறகு எதையோ மறந்துவிட்டு வந்தவனைப் போல வந்த வழியே திரும்பிச் சுற்றத் தொடங்கியது.

"என்ன, உன் வண்டி ரிவர்ஸ் கியர்ல போகுது?" என்று அவன் சிரித்தான்.

அவளும் சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் மட்டும் சுருக்கென்றது.

அது சூட்டுக் காற்றில் ஓடும் இஞ்சின். சாசர் அகலத்தில் இரண்டு அலுமினியத் தட்டுகள், நடுவே அடைபட்ட காற்று, அதற்குள் ஏறி இறங்கும் தெர்மோகோல் வில்லை, உச்சியில் ஒரு சக்கரம், அவ்வளவுதான். மேல்தட்டைவிட அடித்தட்டு கொஞ்சம் சூடாக இருந்தால் போதும், ஓடும். மழைக்காலத்தில் மனிதக் கையின் சூடே தாராளம். பழைய சாமான் கடையில் நசுங்கிக் கிடந்ததை அவள்தான் வாங்கி வந்தாள். பல் செட் செய்கிற லேபில் பதினாறு வருஷம் பழகிய கை. உடைந்த சிலிண்டருக்குப் பதிலாகக் கண்ணாடி ஊசிக்குழாய் ஒன்றை அறுத்துப் பொருத்தி, இரண்டு மாதம் மல்லுக்கட்டி ஓட வைத்திருந்தாள்.

அது இடப்பக்கம் ஓடுவதற்கு ஒரே காரணம்தான் உண்டு என்பதும் அவளுக்குத் தெரியும். ஐஸ் கட்டிமேல் வைத்தால் அப்படித்தான் ஓடும். தெரிந்தும் அவள் சந்தேகப்பட்டது தன் கைவேலையைத்தான். மூன்று நாள் கழற்றிக் கழற்றி மாட்டினாள், பைத்தியக்காரி.

அவனைச் சந்தேகப்பட எப்படி மனசு வரும்? மூன்று மாதத்துக்கு முன்னால், அவன் வேலை பார்த்த குளிர்கிடங்கின் கதவு பூட்டிக்கொண்டு, ஒரு ராத்திரி முழுக்க உள்ளேயே கிடந்தான். கூடவே இருக்கும் அவனுடைய அக்காதான் போய்க் கூட்டிவந்தாள். "மூச்சு வந்துடுச்சு, ஆஸ்பத்திரியெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள் 'சாப்பிட்டியா' என்று கேட்டறியாத மனுஷன், அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கை ஜில்லென்று இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே! "நீ குடுத்து வச்சவ" என்று நாத்தனார் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

நான்காம் நாள் லேபில் மெழுகு உருக்கும் விளக்கில் அவளுடைய சுட்டுவிரல் பொசுங்கியது. பக்கத்து மேஜைக்காரி கத்திய பிறகுதான் பார்த்தாள். வலிக்கவே இல்லை. முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டுக்குள் மழைச் சத்தம். அடுப்படியில் நாத்தனார் எதையோ கிளறும் ஓசை, ஈரச் சுவரின் வாடை, அதற்கு அடியில் ரொம்ப நாள் திறக்காத ஃப்ரிட்ஜைத் திறந்தால் வருமே, அந்த உறைபனியின் மங்கலான வாடை. அது படுக்கையறையிலிருந்து வந்தது. அவன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். மேஜைமேல் இருந்த இஞ்சினை எடுத்து, தான் என்ன செய்கிறோம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல், மெல்ல அவன் நெஞ்சின்மேல் வைத்தாள்.

இடப்பக்கம். ஐஸ் கட்டிமேல் ஓடியதைவிட வேகமாக.

அவள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறொன்று பிறகுதான் கண்ணில் பட்டது. சக்கரம் சுற்றியது, வில்லை ஏறி இறங்கியது. அதைச் சுமந்த நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

இஞ்சினைப் பறித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

"அண்ணி, அவருக்கு மூச்சு இல்ல."

நாத்தனார் பதறவில்லை. அடுப்பைத் தணித்தாள். "மெதுவாப் பேசு. எழுந்துக்கப் போறான்."

"உங்களுக்கு... தெரியுமா?"

எப்போதும் சால்வைக்குள்ளேயே இருக்கும் இடது கையை நாத்தனார் வெளியே எடுத்துக் காட்டினாள். மூன்று விரல்கள் குளிரில் விறைத்துக் கரிக்கட்டையாக இருந்தன. தம்பிக்குக் காபி கொடுத்தால்கூட டம்ளரை மேஜைமேல் வைத்துத் தள்ளிவிடுகிறவள் இவள். அது இப்போதுதான் உறைத்தது.

"முதல் வாரம் நான்தான் சூடு குடுத்தேன். அதுக்கு மேல முடியல. கூடப் பொறந்தவனை மண்ணுல போட மனசு வருமா, சொல்லு? நீ என்னடான்னா, கையைப் பிடிச்சாலே பூரிச்சுப் போற. இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"நம்ப வச்சுக் கழுத்தை அறுத்துட்டீங்களே அண்ணி!"

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குடுத்து வச்சவ. எதை எல்லாம் கொடுத்து வைத்திருக்கிறாள் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. இத்தனை நாள் பிடித்திருந்தது செத்தவன் கை என்பதைவிட, அந்த ஒரு மணி நேரத்தில் துளி அன்பு இல்லை என்பதுதான் அவளைக் கொன்றது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்ததும் பொய். அதிலும் அவளை உறிஞ்சத்தான் வந்திருக்கிறான்.

வாசலுக்கு ஓடுவதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"அண்ணி! திறங்க அண்ணி!"

கதவை இடித்தாள். மழை மட்டும்.

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது.

படுக்கையறையில் கட்டில் கிறீச்சிட்டது. வெறுங்கால்கள். தரையில் மெதுவாக. உறைபனி வாடை.

"இங்கதான் இருக்கியா?" என்றான். குரலில் அத்தனை பிரியம். "வா, உட்காரு."

கால் மடங்கியது. உட்கார்ந்தாள். அவள் வலது கையை எடுத்துக்கொண்டான். உதறினாள். உதறினதாக நினைத்தாள். விரல்கள் அசையவில்லை.

இடது உள்ளங்கையில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம். டிக், டிக், டிக்.

ஓடு. ஓடிக்கிட்டே இரு.

டிக்.

டிக்.

நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சக்கரம் லேசாக நடுங்கியது. பிறகு இடப்பக்கம் நகர்ந்தது.

அவன் குனிந்து பார்த்தான். கன்னத்தில் இத்தனை நாள் இல்லாத சிவப்பு. அவள் கையிலிருந்த இஞ்சினைப் பூவை எடுப்பது போல எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

சக்கரம் வலப்பக்கமாக, ஜோராகச் சுற்றியது.

"பாரு, சரியாயிடுச்சு" என்றான், அவள் கையை விடாமலே.