பதினாறாவது கல்

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பொய் கலந்திருந்தால் நான் தின்னும் லவாஷ் ரொட்டி தொண்டையில் சிக்கட்டும். ஒரு தடவை சிக்கியது உண்மைதான். அன்றைக்கு நான் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷம், திராட்சை பறித்து முடிந்த வாரம். வாகினாக் இன்ஜினியர் எங்கள் ஊர் கர்மிர்கரில் மாட்டுவண்டியை விட்டு இறங்கியபோது அராகாத்ஸ் மலையையே காணவில்லை. பனிமூட்டம் அதை முழுசாக விழுங்கியிருந்தது. கையில் தோல்பை, கக்கத்தில் சுருட்டிய வரைபடங்கள். பீட்டர்ஸ்பர்க்கில் படித்தவர், எங்களுக்குக் கோயில் கட்ட வந்தவர். அவர் இதற்கு முன் கட்டிய கோயிலின் குவிமாடம் மூன்றே மாதத்தில் விரிசல் விட்டது. அந்தச் செய்தி அவருக்கு முன்பே ஊருக்கு வந்து, கைகட்டிக் காத்திருந்தது.

எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம். குவிமாடத்தைத் தாங்கும் மரச்சட்டத்தைத் தட்டி எடுக்கும்போது, கட்டினவன் அதன் நேர்கீழே நிற்க வேண்டும். போன ஊரில் வாகினாக் நிற்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லி வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

“இந்தத் தடவையும் காய்ச்சல் வருமா ஐயா?” என்று கேட்டான் கலுஸ்த் மேஸ்திரி. “முன்கூட்டியே சொல்லிட்டா, கம்பளி எடுத்து வைப்போம்.”

“நிப்பேன்,” என்றார் வாகினாக். “நிக்கலைன்னா இனிமே பென்சிலையே தொடமாட்டேன்.”

அஸ்திவார நாளில் பதினாறு கற்களைத் தண்ணீராலும் ஒயினாலும் கழுவி, எண்ணெய் பூசி இறக்க வேண்டும். பன்னிரண்டு சீடர்களுக்கு, நான்கு சுவிசேஷகர்களுக்கு. வண்டி குலுங்கியதில் ஒரு கல் இரண்டாகப் பிளந்திருந்தது. உடைந்தது யாருடைய கல் என்று ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. யூதாசுடையது இல்லை என்பதில் மட்டும் ஒற்றுமை.

ஹுசிக் சாமியாருக்குக் குளிரில் பல் கிட்டியது. “ஏதாவது ஒரு கல்லைக் கொண்டாங்கப்பா. ஒயின் ஆவியாப் போகுது.”

ஆவியாகவில்லை. கலுஸ்த் குடித்துக்கொண்டிருந்தான். அவனே போய், கல்லறைத் தோட்டத்து ஓரம் குப்புறக் கிடந்த ஒரு கல்லை உருட்டி வந்தான். மேல்பக்கம் வெறும் பாசி. கல்லின் வயிற்றை யார் புரட்டிப் பார்ப்பார்கள்? வாகினாக் தலையசைத்தார். சாமியார் கழுவினார். இறக்கினார்கள்.

மறுநாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரம். அஸ்திவாரத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டக்.

டக். டக்.

உளி கல்லைத் தொடும் சத்தம். வாகினாக் ஆட்களை எண்ணினார். எல்லாருடைய கையிலும் ரொட்டிதான் இருந்தது.

அதற்கப்புறம் வரைபடம் மாற ஆரம்பித்தது. சாயங்காலம் அவர் வரைந்த குவிமாடக் கோடு, காலையில் ஒரு சாண் கீழே இறங்கியிருக்கும். சுவர் இரண்டு விரல் தடித்திருக்கும். அழித்துவிட்டுத் திரும்ப வரைவார். மறுநாள் அது மறுபடி இறங்கியிருக்கும். தாளில் ஈர மண் வாசனை. ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.

“மேஸ்திரி, என் தாளைத் தொட்டது யாரு?”

“எனக்குப் படிக்கவே தெரியாது ஐயா. கோடு எங்க இருக்கோ அங்க கல்லு வைக்கிறேன். காலையில நீங்கதானே தாளைக் கொடுக்கிறீங்க?”

வேலை அப்படியே, மாறின கோட்டின்படியே வளர்ந்தது. ஒருநாள் ஹைகானுஷ் என்ற விதவை, சாரத்துக்குக் கீழே வந்து நின்று சத்தம் போட்டாள்.

“எங்க மாமனாரு கல்லறைக் கல்லை எவன்டா தூக்கினது?”

கலுஸ்த் சாரத்தின் மறுபக்கம் இறங்கி ஓடினான்.

“எழுத்தே இல்லாத கல்லும்மா அது,” என்றார் வாகினாக்.

“எழுத்து எதுக்கு? வட்டம் போடுற கவராயமும் தூக்குக்குண்டும் செதுக்கியிருக்கு. என்ன வேலை செஞ்சாரோ அதைத்தானே கல்லுல போடுவோம்? தம்பி, அவரு பாலம் கட்டினவரு. பேரு பாக்தசார். அடுத்தவன் வச்ச சுவரு அவருக்குப் பொறுக்காது. என் கல்யாணத்தன்னைக்கே சடங்கை நிறுத்தி, சம்பந்தி வீட்டு அடுப்பு கோணல்னு இடிச்சவரு.” அவள் மேலே அண்ணாந்து பார்த்தாள். குரல் இறங்கியது. “இது உன் வேலை மாதிரி இல்லையே தம்பி.”

வாகினாக் நூல்பிடித்து அளந்தார். ஒரு சாண் தாழ்வு. இரண்டு விரல் தடிப்பு. கட்டி எழும்பியிருந்தது அவருடைய குவிமாடம் இல்லை.

இடித்துத் திரும்பக் கட்டலாம். அப்படிச் செய்தால் அது அவர் குவிமாடம், அவர் கணக்கு. அந்தக் கணக்கு ஏற்கனவே ஒரு தடவை விரிசல் விட்ட கணக்கு. இடிக்காவிட்டால், செத்தவனுடைய வேலைக்குக் கீழே தன் தலையைக் கொடுக்க வேண்டும். மூன்று நாள் அவர் சாப்பிடவில்லை. நான்காம் நாள் காலை, சட்டத்தைத் தட்டச் சொன்னார்.

ஊர் முழுக்க வெளியே நின்றது. அவர் மட்டும் உள்ளே, நடுவில் நின்றார்.

சட்டத்தைத் தாங்கிய முதல் ஆப்பு விழுந்தது.

இரண்டாவது.

மூன்றாவதில் மேலே எங்கோ கல் பெருமூச்சு விட்டது. சுண்ணாம்புத் தூள் பனிபோல் இறங்கியது. வாசல் ஏழடி தூரம். ஓடிவிடலாம்.

ஓடவில்லை.

கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். ஈர மண் வாசனை.

“தள்ளி நில்லு.”

“மாட்டேன்,” என்று கிசுகிசுத்தார் வாகினாக். “போன தடவை ஓடினது போதும்.”

“கட்டினவன் நிக்கிற இடம்டா இது.”

குளிர்ந்த தோள் ஒன்று அவரை இடித்தது. ஒரே இடி. இரண்டடி நகர்ந்து விழுந்தார். கடைசி ஆப்பு விழுந்தது. சட்டம் சரிந்தது.

குவிமாடம் நின்றது.

ஊர் ஆரவாரத்தோடு உள்ளே வந்தது. கலுஸ்த் அவரைத் தூக்கிப் பிடித்து முத்தமிட்டான். பிறகு தரையைப் பார்த்துக் கையை விட்டான். சுண்ணாம்புத் தூளில் வாகினாக்கின் பூட்ஸ் தடம் ஓரமாக இருந்தது. நட்டநடுவில், நேர்கீழே, இரண்டு வெறுங்கால் தடங்கள். அவை வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

கோயில் சுவரில் பெயர் செதுக்கச் சொன்னார்கள். வாகினாக் உளியை வாங்கினார், நெடுநேரம் வைத்திருந்தார், பாக்தசார் என்று செதுக்கினார். பிறகு திஃப்லிஸ் நகரத்துக்குப் போய் வீடுகள் மட்டும் கட்டினார். அங்கேயும் தினம் காலையில் தாளை விரிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் விரிப்பாராம். ஏதாவது ஒரு கோடு இடம் மாறியிருக்குமாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கர்மிர்கரில் எந்தக் காலத்திலும் கோயில் கட்டப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பக்கத்து ஊருக்குத்தான் நடந்து போகிறோம்.