நானூற்றுப் பன்னிரண்டு குறைகள்

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பொங்கியண்ணன் வாகன அங்காடியில் நான்காவது கார் தன் குற்றங்களை ஒப்புக்கொள்ளத் தொடங்கியது.

"என்னிடம் மூன்று குறைகள் உள்ளன," என்றது அந்தச் சிவப்பு ஹேட்ச்பேக். "ஒன்று, என் முன்விளக்குகள் மங்கல். இரண்டு, என் கைத்தடை சில நாள் பிடிக்கும், சில நாள் பிடிக்காது. மூன்று, என் கூரை ஒழுகும். கேட்டதற்கு நன்றி."

அங்காடியில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்கு வரிசை தள்ளி ஒரு வேன், தான் ஒருமுறை வாய்க்காலில் விழுந்த கதையை ஒரு குடும்பத்துக்கு விவரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பம் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்தது.

இருபது ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கும் வாய்மைச் சட்டத்தின் ஏற்பாடு இது. பழைய வண்டி வாங்கி ஏமாந்தவர்கள் காலங்காலமாகப் போட்ட கூச்சலுக்குக் கிடைத்த பலன். கைமாறும் எந்த இயந்திரமானாலும் அதற்குள் நகக்கண் அளவில் ஒரு வாய்மைச் சில்லு இருக்க வேண்டும். விற்கும் நேரத்தில் அந்தச் சில்லு வண்டியின் உணரிகளை, அதாவது சென்சார்களை, ஒவ்வொன்றாக விசாரிக்கும். வண்டியின் வாழ்நாள் பதிவேட்டைப் புரட்டும். கிடைத்ததையெல்லாம் நல்ல தமிழில், நிதானமாகச் சொல்லும். முகப்புப் பலகையில் உள்ள சிறு கண் ஒன்று, வாங்குபவர் கவனிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கடைசிக் குறைவரை கேட்டால்தான் விற்பனைப் பத்திரத்தின் பூட்டு திறக்கும். பாதியில் எழுந்து போனால், அடுத்த முறை மறுபடி ஒன்றிலிருந்து.

மாதங்கி ஹேட்ச்பேக்கிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தினாள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. அவள் குடும்பத்தில் இதுவரை யாரும் கார் வாங்கியதில்லை, தேவைப்படவில்லை. கோயம்புத்தூரில் எங்கே போவதானாலும், சாலைக்கு அடியில் புதைத்த தடக்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநரில்லாத தானோடிகள் வந்து ஏற்றிக்கொள்ளும். ஆனால் தடக்கம்பி ஆழியாறு சோதனைச்சாவடியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வால்பாறைவரை நாற்பது கொண்டையூசி வளைவுகள். அங்கே கையோட்டு வண்டிதான். வால்பாறை வானிலைக் கோபுரத்தின் உணரிகளைப் பழுதுபார்க்கும் வேலைக்காக அவள் ஆறு ஆண்டுகள் காத்திருந்தாள். திங்கட்கிழமை காலை சொந்த வண்டியோடு வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கைக்கு வந்த பணி ஆணையில் எழுதியிருந்தது.

அங்காடி வாசல் டீக்கடையில் அவள் கணவன் ரங்கதுரை இரண்டாவது டீயை முடித்திருந்தான். மாதங்கி போய் அவனிடம் விவரம் சொன்னாள்.

"மூணே மூணு கொறைதானே சொல்லுச்சு? அதையே எடுத்துரு. எனக்குக் காலெல்லாம் மரத்துப்போச்சு."

"அதுல இருக்கறதே ஆறு உணரிதான் மாமா. தெரிஞ்சாத்தானே சொல்லும்? அதோட பிரேக் எப்படியிருக்குன்னு அதுக்கே தெரியாது."

"அப்ப காலைல மொதல்ல பாத்தியே, அந்த ஜெர்மன்காரன்? ஒன்றரை மணி நேரம் உள்ளயே இருந்தயே."

மாதங்கி அந்த வண்டி நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் ஆசைப்பட்டு வந்தது அந்த வண்டிக்காகத்தான். சாம்பல் நிற ஜெர்மன் செடான், வயது முப்பத்தைந்து. தரையோடு படிந்து நிற்கும் கனமான உடல், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக். மலை வளைவுக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி அந்த அங்காடியில் இல்லை. அதற்குள் நூற்று அறுபது உணரிகள். தன் கதவின் ரப்பர் பட்டை மயிரிழை தேய்ந்தாலும் அதற்குத் தெரியும். அதுதான் தொல்லையாகிப்போனது.

"வணக்கம். என் குறைகள் நானூற்றுப் பன்னிரண்டு," என்று அது தொடங்கியது. "நிகழ்ந்த கால வரிசையில் கூறுகிறேன்."

நாற்பது வரை மாதங்கி சிரித்துக்கொண்டே கேட்டாள். நூறில் கழுத்து வலித்தது. ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டாள். "தாங்கள் கவனிக்கவில்லை," என்றது வண்டி, துளியும் கோபமில்லாமல். "நூற்றுப் பதினேழை மீண்டும் கூறுகிறேன்." இருநூற்று ஆறாவது குறை வந்தது: "ஒரு மழைநாள் மாலை, இடப்புற வளைவு ஒன்றில் பதினொரு சென்டிமீட்டர் வழுக்கினேன். நான் தவிர்த்திருக்க வேண்டும்."

அதோடு அவள் இறங்கிவிட்டாள். மற்ற வண்டிகள் ஒரு மீட்டர் வழுக்கினாலும் அவற்றுக்குத் தெரியாது என்பது உணரி பழுதுபார்ப்பவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் நாற்பது வளைவுகளும், பதினொரு சென்டிமீட்டரும், அந்த மன்னிப்புக் குரலும் சேர்ந்து அவளை மறுபடி ஏறவிடவில்லை.

"மழைல வழுக்கியிருக்கு மாமா," என்றாள் கடைசியில்.

"எந்த வண்டிதான் வழுக்காது? இது வாய் விட்டுச் சொல்லிருச்சு, அவ்வளவுதான்."

"சொல்லிருச்சே! இனி ஒவ்வொரு வளைவுலயும் அதுதானே காதுல கேக்கும்?"

"அப்படின்னா வேலைய விட்று," என்றான் ரங்கதுரை. சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மதியத்துக்குள் மேலும் ஆறு வண்டிகள் பேசின. ஒன்று தன் மின்கலம் எப்போது வேண்டுமானாலும் கைவிடும் என்றது. இன்னொன்று தன்னை யாருமே நேசித்ததில்லை என்று சொல்லி, அது குறையா இல்லையா என்று அவளிடமே கேட்டது. மாதங்கி அதன் முகப்பில் ஓங்கிக் குத்தினாள். "பதினான்காவது குறையாகப் பதிவுசெய்துகொள்கிறேன்," என்றது அது.

அப்போதுதான் பொங்கியண்ணன் வந்தார். அங்காடியின் சொந்தக்காரர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு.

"ஏனுங்க அம்மணி, காலைல புடிச்சுப் பாக்கறீங்க. மூஞ்சியே வாடிப்போச்சுங்களே."

"உங்க வண்டியெல்லாம் ஒப்பாரி வெக்கிதுங்க. ஒண்ணாவது நல்ல வார்த்தை சொல்லுதா?"

"இப்படித்தானுங்க, வர்றவங்க பூராம் கேட்டுப்போட்டு அழுதுட்டே போறாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "பின்னாடி ஷெட்டுல ஒரு ஊமை வண்டி இருக்குதுங்க. மூணு மணிக்கு வாங்க, தொடச்சு வெக்கறேன்."

ஊமை வண்டிக்குச் சட்டத்திலேயே ஒரு பிரிவு உண்டு. ஏதோ பழுதால் வாய்மைச் சில்லு பேச முடியாமல் போனால், வண்டிக்குப் பதிலாக விற்பவரே வாயால் சொல்லலாம். வாங்குபவர் சம்மதித்துக் கையெழுத்திட்டால் போதும்.

மூன்று மணிக்குப் பின் ஷெட்டில் பொங்கியண்ணன் உறையை உருவினார். மெருகெண்ணெய் பூசிப் பளபளத்தபடி சாம்பல் நிற ஜெர்மன் செடான் ஒன்று நின்றது.

மாதங்கி எண் பலகையைப் பார்த்தாள். காலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்த அதே வண்டி. உள்ளே ஏறி அமர்ந்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டியின் மூடி பாதி திறந்திருந்தது. வாய்மைச் சில்லுக்கான ஐந்து ஆம்பியர் ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"டாக்டர் வண்டிங்க அம்மணி," என்றார் பொங்கியண்ணன். "ஒரே ஓனரு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குந்தான் எடுப்பாரு. எறும்பு குறுக்க வந்தாக்கூட நிறுத்தி வழிவிடற மனுசன்."

"வளைவுல... மழையில... வழுக்குமாங்க?"

"இதுங்களா? ரோட்டுல ஒட்ட வெச்சாப்புல போகுமுங்க!"

காலையிலிருந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் மெல்ல இறங்கியது. அவர் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது பொங்கியண்ணனுக்கும் ஒருவேளை தெரிந்திருக்கும். ஆனாலும் அந்தக் குரல் இதமாக இருந்தது. வாய்மைச் சில்லை வடிவமைத்தவர்கள் அது சரியாகப் பேசுகிறதா என்று ஆயிரம் முறை சோதித்திருந்தார்கள். கேட்பவர்களை யாரும் சோதிக்கவில்லை.

ரங்கதுரை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். "காலைல டீக்கடைலிருந்து பாத்த வண்டியாட்டவே இருக்குதே?"

"அது வேற மாமா," என்றாள் மாதங்கி. கட்டைவிரலால் ஃப்யூஸ் பெட்டியின் மூடியை 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினாள். பிறகு பத்திரத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மாலை ஐந்து மணிக்குச் செடான் அவர்கள் குடியிருப்பின் வாசலில் வந்து நின்றது. சத்தமில்லாமல், அதிராமல், அத்தனை அருமையாக வந்தது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. கீழ்வீட்டுத் தங்கமணியக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"ஏ மாதங்கி, ஜெர்மன் காரா! பழசாட்ட இருக்குது... என்ன சொல்லுச்சு? எங்க கொழுந்தனாரு பாத்த வண்டி, கேக்கக் கேக்க ரத்தக்கொதிப்பே வந்துருச்சாம்."

"இது பேசாதுங்கக்கா. டாக்டர் வெச்சிருந்தது."

"அப்படியா!"

"ஒரே ஓனரு. மழைன்னா ஷெட்ட விட்டே எடுக்கமாட்டாராம். வெயில்லயும் நிறுத்தமாட்டாராம்."

ரங்கதுரை மனைவியைத் திரும்பிப் பார்த்தான். கடைசி இரண்டையும் பொங்கியண்ணன் சொன்னதாக அவனுக்கு நினைவில்லை.

தங்கமணியக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முன்மூடியை உள்ளங்கையால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"அதானே," என்றாள். "பாத்தாலே தெரியுதே."